நலச்செய்தியும் ஆராய்ச்சியும்

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பது பழமொழி. அச்செல்வத்தைக் காக்க விரும்பும் மக்கள், உடல்நலம் பற்றி எவர் எது கூறினும் செவி சாய்ப்பது இயல்பே. நாளிதழ், வானொலி, தொலைக்காட்சி, இணையம் ஆகியவற்றின் வாயிலாக நலச்செய்திகள் நாள்தோறும் வந்த வண்ணம் உள்ளன. அவற்றுள் நெல்லும் உண்டு, பதரும் உண்டு. இரண்டையும் பிரித்தறியாவிடின் விளையும் கேடு எத்தகையது என்பதை இங்கிலாந்து நாட்டு நிகழ்ச்சி ஒன்று காட்டும்.

1998ஆம் ஆண்டில் ஆண்ட்ரூ வேக்பீல்டு என்னும் இலண்டன் மருத்துவர், வேறு பன்னிருவருடன் சேர்ந்து 'லான்செட்' என்னும் புகழ்பெற்ற மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா என்னும் மூன்று நோய்களையும் தடுக்கும் ஊசிக்கும், ஆட்டிசம் என்னும் குறைபாட்டிற்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்ற ஐயத்தை அது எழுப்பியது. தொடர்பு மெய்ப்பிக்கப்படவில்லை என்று அக்கட்டுரையே கூறியிருந்தது. ஆயினும், செய்தித்தாள்கள் ஐயத்தைப் பெரிதாக்கிப் பரப்பின. பெற்றோர் அஞ்சினர். 1995-96இல் இரண்டு வயது எய்திய குழந்தைகளுள் நூற்றுக்கு 92 பேர் அவ்வூசி பெற்றிருந்தனர். 2003-04இல் 80 பேரே பெற்றிருந்தனர்.

அக்கட்டுரைக்கு அடிப்படையாய் அமைந்த குழந்தைகள் எத்துணையர்? பன்னிருவரே! ஊசி பெறாத குழந்தைகளோடு அவர்களை ஒப்பிட்டு நோக்கவும் இல்லை. ஆட்டிசத்தின் அறிகுறிகள் பெரும்பாலும் அவ்வூசியிடும் பருவத்தையொட்டியே புலப்படத் தொடங்கும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தால், காக்கையே பழத்தை வீழ்த்தியது எனலாமா? பின்னர் நிகழ்ந்தது என்பது வேறு. அதனால் நிகழ்ந்தது என்பது வேறு.

பின்னர் டென்மார்க்கு நாட்டில் 5,37,303 குழந்தைகளைப் பற்றிய குறிப்புகளை அறிஞர்கள் ஆராய்ந்து, 2002இல் முடிவை வெளியிட்டனர். ஊசி பெற்றோர்க்கு ஆட்டிசம் மிகுதியாக ஏற்படவில்லை என்பது தெளிவாயிற்று. ஊசி செய்வோர்மீது வழக்குத் தொடர முனைந்த தரப்பினரிடம் வேக்பீல்டு பொருள் பெற்றிருந்தார் என்பதை இதழாளர் பிரையன் டீர் 2004இல் வெளிப்படுத்தினார். 2010இல் லான்செட் அக்கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அவ்வாண்டே மருத்துவர் பதிவேட்டிலிருந்து அவர் பெயர் நீக்கப்பட்டது.

பொய் ஒழிந்தது, அதன் பயன் ஒழியவில்லை. 2012-13இல் வேல்சு நாட்டின் சுவான்சி வட்டாரத்தில் தட்டம்மை பரவி, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றதாகப் பதிவாயிற்று. ஓர் இளைஞர் உயிர் துறந்தார். நோயுற்றோருள் பலர், பெற்றோரின் அச்சத்தால் குழந்தைப் பருவத்தில் ஊசி பெறாது போன பள்ளி மாணவர். அன்று ஐயுற்றவர் பெற்றோர். பின்னர்த் துன்புற்றவர் பிள்ளைகள்.

ஆதலின், நலச்செய்தி எதுவாயினும் சில வினாக்களை எழுப்புதல் வேண்டும். கூறுபவர் அத்துறையில் பயின்றவரா? அச்செய்தியால் அவருக்கு ஊதியம் உண்டா? எத்துணைப் பேரை ஆராய்ந்து, எவரோடு ஒப்பிட்டுக் கூறினார்? பிறரும் ஆராய்ந்து அம்முடிவையே கண்டனரா? இவற்றிற்கு விடை கிடைக்கும் வரை அச்செய்தியைப் பிறர்க்குப் பரப்பாதிருத்தல் அறிவுடைமை. ஐயம் நீங்காவிடின் மருத்துவரை வினவித் தெளிதல் கடமை. ஆராயாது நம்புவது தனக்குத் தீங்கு. ஆராயாது பரப்புவது ஊருக்குத் தீங்கு.