தேவாங்கும் வேலி மரமும்

இவ்வாண்டு எம் பள்ளி இயற்கைக் கழக மாணவியர் நாற்பதின்மர், அருட்சகோதரியர் இருவருடன் கரூர் மாவட்டம் கடவூருக்குச் சென்று வந்தோம். மலைகள் சூழ்ந்த அவ்வூரில்தான் வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் தொடங்கிய 'வானகம்' பண்ணை உள்ளது. 1960-களில் கோவில்பட்டி அரசு ஆராய்ச்சிப் பண்ணையில் பணியாற்றிப் பின் வேலையை உதறியவர் அவர். 2013-இல் காலமான அவரது உடல் இங்கேயே அடக்கம் செய்யப்பட்டுள்ளது.

வறண்ட நிலம். ஆயினும் சருகையும் வைக்கோலையும் பரப்பி மண்ணை மூடியிருக்கிறார்கள்; இதற்கு மூடாக்கு என்று பெயர். உச்சி வெயிலில் அதை விலக்கித் தொட்டுப் பார்த்தோம். அடியில் மண் ஈரமாக இருந்தது! சாணம், கோமியம், வெல்லம், நீர் கலந்த அமிர்தக் கரைசலின் மணத்துக்கு மூக்கைப் பொத்தியவர்களும் உண்டு.

"பூச்சி விழுந்தால் என்ன செய்வீர்கள், ஐயா?" என்று அங்கிருந்த பெரியவரைக் கேட்டோம்.

"பகலில் குருவியும் சிலந்தியும் பார்த்துக்கொள்ளும். இரவுக்குத் தேவாங்கு இருக்கிறதே!" என்றார்.

வகுப்பில் ஒருத்தி விழித்தால் 'தேவாங்கு' என்று கேலி செய்வோம். உண்மைத் தேவாங்கு கால் கிலோ அளவே எடையுள்ளது, வாலில்லாதது, பகலெல்லாம் உறங்கி, இரவில் பூச்சிகளைப் பிடித்துத் தின்பது. எனவே நாங்கள் அதைக் காணவில்லை. அதைக் கண்டால் தீமை என்றும், அதன் உடல் மருந்தாகும் என்றும் நம்பிப் பலர் கொன்றிருக்கிறார்கள். உழவனுக்குக் கூலியில்லாமல் உழைக்கும் உயிருக்கு இதுவா கைம்மாறு? 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைக் கொல்லத் தடை விதிக்கிறது. 2022-இல் தமிழக அரசு, கரூர், திண்டுக்கல் மாவட்டக் காடுகளில் 11,806 ஹெக்டேரைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தது. இந்தியாவிலேயே தேவாங்குக்கென அமைந்த முதல் சரணாலயம் இது.

ஆனால் காட்டுக்கு எல்லை வகுத்தால் போதாதாம். தேவாங்கு தாவாது, கிளைக்குக் கிளை கையால் பற்றியே நகரும். உசில் மரமும் வேலமரமும் நெருங்கிய உயிர்வேலிதான் தோட்டங்களுக்கிடையே அதற்குப் பாதை. வேலி அறுந்தால் தரையில் இறங்க வேண்டும். அங்கே நாயும் வண்டியும் காத்திருக்கும்.

இதைக் கேட்டதும் எங்களுள் அய்யலூர்ப் பக்கத்து மாணவியின் முகம் வாடியது. அவள் வீட்டுத் தோட்டத்து உயிர்வேலியை வெட்டிக் கம்பிவேலி போட ஆள் பேசியாகிவிட்டது. ஆடு புகுந்து கடலையை மேய்ந்துவிடுகிறதாம். அப்பாவின் கவலையும் நியாயந்தானே?

"மரம் இருக்கட்டும். கம்பியை அதற்கு உள்பக்கமாக இழுத்துக் கட்டச் சொல்லம்மா," என்றார் பெரியவர்.

அவள் உடனே நோட்டில் குறித்துக்கொண்டாள். வெட்டு வேலைக்கு இன்னும் ஐந்து நாட்களே இருந்தன.