தப்பு அடித்தாலும் கேட்கக் காது வேண்டும்



ஆகஸ்ட் மாதம் மடுத் திருவிழாவுக்குப் போகும்போது மன்னாரில் உள்ள சொந்தக்காரரையும் பார்த்துவிட்டு வருகிறோம். அங்குள்ள பிள்ளையின் இடது கையின் மேற்பக்கத்தைப் பாருங்கள். நம் லயத்துப் பிள்ளைக்கு இருக்கும் அதே தழும்பு இருக்கும். அதுதான் காசநோயைத் தடுக்கப் பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி. ஊசியின் அடையாளம்.

அந்த ஊசியில் இருப்பது பலம் குறைக்கப்பட்ட உயிருள்ள கிருமி. கோடிக்கணக்கான பிள்ளைகளுக்கு அதனால் நன்மைதான். எங்கோ ஒரு பிள்ளைக்கு மட்டும் அந்தக் கிருமியே உடம்பெல்லாம் பரவிவிடுகிறது. ஏன்?

பெரட்டுக்குத் தப்பு அடித்த காலம் பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். சத்தம் காதில் விழுந்தால்தானே ஆள் வரும்? உடம்பிலும் அப்படித்தான். கிருமியை விழுங்கும் செல் ஒன்று உண்டு. காசநோய்க் கிருமி அதற்குள்ளேயே சாகாமல் ஒளிந்திருக்கும். உடனே அந்தச் செல் ‘இன்டர்லியூக்கின் 12’ என்ற செய்திப் பொருளை அனுப்பும். அதைக் கேட்ட ‘டி’ செல், ‘இன்டர்பெரோன் காமா’ என்ற பதிலை அனுப்பும். அது வந்து சேர்ந்தால்தான் விழுங்கிய செல்லுக்குக் கிருமியைக் கொல்லப் பலம் வரும். இந்தச் செய்திப் பொருள்கள் சைட்டோகைன்கள். அவற்றைக் கேட்கும் காதுதான் ‘ஏற்பி’. ஏற்பி பழுதானால் தப்பு அடித்தும் பயனில்லை.

1996ல் இது தெரியவந்தது. மால்டாத் தீவில் ஒன்றுக்கொன்று சொந்தமான சில பிள்ளைகளுக்கும், பி.சி.ஜி. கிருமி பரவி இறந்த துனிசியா நாட்டுக் குழந்தைக்கும் இன்டர்பெரோன் காமா ஏற்பி பழுதாயிருந்தது. 1998ல் இன்டர்லியூக்கின் 12 ஏற்பியின் பழுதும் கண்டுபிடிக்கப்பட்டது.

இந்தக் குறை பெரும்பாலும் தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் சேர்ந்து வருகிறது. அவர்கள் இருவரும் சுகமாகவே இருப்பார்கள். அப்படிப்பட்டவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. மாமன் மகள், அத்தை மகன் என்று நெருங்கிய சொந்தத்தில் கட்டினால் வாய்ப்பு கூடும். இது யாருடைய குற்றமும் இல்லை, கண்ணூறும் இல்லை.

நினைவில் வைப்போம்:

1. இது மிக அபூர்வம். இதற்குப் பயந்து ஊசியைத் தவிர்க்க வேண்டாம்.

2. ஊசி போட்ட இடத்தில் சில வாரத்தில் சின்னப் புண் வந்து ஆறுவது வழக்கம். மருந்து பூச வேண்டாம்.

3. அக்குளில் பெரிய கட்டி, சீழ், விடாத காய்ச்சல், உடம்பு மெலிவு கண்டால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். மருந்து உண்டு. சிலருக்கு இன்டர்பெரோன் ஊசியும் உதவும்.

4. முன்பு பிறந்த பிள்ளை பி.சி.ஜி. கிருமியாலோ கடுமையான காசநோயாலோ இறந்திருந்தால், அடுத்த பிள்ளைக்கு ஊசி போடுமுன்பே மருத்துவமாதுவிடம் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். அந்த ஒரு வார்த்தை பிள்ளையின் உயிரைக் காக்கும்.