பழைய பிக்கப் வண்டியில் முன் பிரேக் டிஸ்க் மாற்றும் முறை



வளைகுடா நாடுகளில் டிரைவராகவோ கராஜ் மெக்கானிக்காகவோ வேலை பார்க்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1980களிலும் 1990களிலும் வந்த அதன் ஃபோர்-வீல் டிரைவ் வண்டிகள் பல இன்றும் பாலைவனத் தடங்களில் ஆளையும் சரக்கையும் ஏற்றிக்கொண்டு ஓடுகின்றன. பிறர் உயிரைச் சுமந்து செல்லும் வண்டி நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். ஆகவே, அதன் முன் பிரேக் டிஸ்க்கை மாற்றும் வேலையை வரிசையாகப் பார்ப்போம். வெளிநாட்டு வேலைக்குத் தயாராகும் இளைஞர்கள் இதை வெட்டி வைத்துக்கொள்ளலாம்.

டிஸ்க் ஏன் தேய்கிறது?

பிரேக் என்பது வண்டியின் ஓட்டத்தை வெப்பமாக மாற்றும் கருவி. 2 டன் எடையுள்ள பிக்கப் 80 கி.மீ. வேகத்திலிருந்து ஒருமுறை நிற்கும்போது பிறக்கும் வெப்பம், சுமார் ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. வேகம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்பக்கம் சாய்வதால், இதில் பெரும்பங்கைத் தாங்குவது முன் டிஸ்க்குகளே. அவை வார்ப்பிரும்பால் ஆனவை. வெப்பமும் மணலும் சேர்ந்து அவற்றைத் தேய்க்கின்றன.

எப்போது மாற்ற வேண்டும்?

பிரேக்கை மிதிக்கும்போது பெடல் காலைத் துடிதுடிப்பாகத் தள்ளினாலோ, ஸ்டியரிங் நடுங்கினாலோ, டிஸ்க்கின் தடிமன் சீராக இல்லை என்று சந்தேகிக்க வேண்டும். இரும்போடு இரும்பு உரசும் சத்தம் வந்தால் பேடு முழுவதும் தீர்ந்துவிட்டது என்று பொருள். டிஸ்க்கில் விரிசல், ஆழமான கோடு, ஓரத்தில் வரப்பு போன்ற மேடு ஆகியவற்றையும் பாருங்கள். எவ்வளவு வரை தேயலாம் என்ற அளவு டிஸ்க்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். மைக்ரோமீட்டரால் பல இடங்களில் அளந்து, ஓரிடத்தில் அந்த அளவுக்குக் கீழே போயிருந்தாலும் மாற்றிவிட வேண்டும். இரு பக்க டிஸ்க்கையும் ஒன்றாகவே மாற்றுங்கள். பேடுகளும் புதிதாக இருக்கட்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் பிடிக்கையில் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

கழற்றும் வரிசை

பிற்காலத்து வண்டிகள் பலவற்றில் காலிப்பரை எடுத்ததும் டிஸ்க் கையோடு வந்துவிடும். இந்தப் பழைய வண்டியில் அப்படி வராது. டிஸ்க் ஹப்பின் பின்புறம் போல்ட் போட்டு முறுக்கப்பட்டிருக்கிறது. ஹப்பைப் பேரிங்கோடு இறக்கினால்தான் டிஸ்க்கைப் பிரிக்க முடியும்.

1. சமதரையில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்திவிட்டு, ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யக் கூடாது.

2. காலிப்பரைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டுகளைக் கழற்றி, காலிப்பரைக் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள். ரப்பர் ஹோஸின் மீது அதன் பாரம் விழக் கூடாது. பிரேக் பைப்பைப் பிரிக்க நேர்ந்தால், முடிவில் காற்று எடுக்க வேண்டும்.

3. பிரேக் தூசியைக் காற்றடித்துப் பறக்கவிடாதீர்கள். பழைய பேடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம்; அது நுரையீரலுக்குக் கேடு. பிரேக் கிளீனரால் நனைத்துத் துடையுங்கள்.

4. ஃப்ரீ-வீல் ஹப்பின் மூடியையும், ஆக்ஸில் முனையில் உள்ள வளையப் பூட்டையும் எடுங்கள். நட்டுகளை எடுத்த பிறகும் உள்ளே கூம்பு வடிவ வாஷர்கள் பிடித்துக்கொண்டிருக்கும். பித்தளைத் தண்டால் தட்டினால் அவை விடுபடும்.

5. உள்ளே பூட்டு நட்டு, பூட்டு வாஷர், சரிசெய்யும் நட்டு என்று வரிசையாக இருக்கும். வாஷரின் மடித்த நாக்கை நிமிர்த்தி, 54 மி.மீ. சாக்கெட்டால் நட்டுகளைக் கழற்றுங்கள். உளியை வைத்து அடித்துத் திருப்பினால் நட்டின் முனை சிதையும். அதன்பின் எவராலும் சரியாக முறுக்க முடியாது.

6. ஹப்பை இழுக்கும்போது வெளிப் பேரிங் கீழே விழாமல் கையால் தாங்கிக்கொள்ளுங்கள். பிறகு ஹப்பிலிருந்து டிஸ்க்கைப் பிரியுங்கள்.

மாட்டும் வரிசை

ஹப்பில் டிஸ்க் அமரும் முகத்தில் துரு இருந்தால் கம்பி பிரஷால் முழுவதும் சுரண்டி எடுங்கள். அங்கே தங்கும் சிறு துருத் துணுக்கே புது டிஸ்க்கை ஆட வைக்கும். புது டிஸ்க்கில் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய எண்ணெயைப் பிரேக் கிளீனரால் துடைத்த பிறகே மாட்டுங்கள்.

பேரிங்குகளைக் கழுவிப் பாருங்கள். குழியோ நீலம் பாரித்த நிறமோ தெரிந்தால், உருளையையும் அதன் வெளிவளையத்தையும் சேர்த்தே மாற்றுங்கள். நல்லவையாக இருந்தால் உருளைகளுக்கு இடையே நிறையும்படி கிரீஸ் திணியுங்கள். கிரீஸ் சீலைப் புதிதாகப் போடுங்கள்; பழைய சீல் கசிந்தால் கிரீஸ் டிஸ்க்கில் ஏறி பிரேக் பிடிக்காது.

இந்த வேலையில் மிகுந்த கவனம் வேண்டிய இடம் பேரிங் நட்டு. முதலில் இறுக்கி, ஹப்பை இரு பக்கமும் பலமுறை சுழற்றிப் பேரிங்கை அமர வையுங்கள். பிறகு தளர்த்தி, மீண்டும் அளவாக இறுக்குங்கள். எவ்வளவு இறுக்கம் என்பதை வண்டியின் மேனுவலில் பார்த்து, சக்கர போல்ட்டில் ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்து அளக்க வேண்டும். தளர்வாக விட்டால் சக்கரம் ஆடி, இறுதியில் கழன்றே போகலாம். அதிகம் இறுக்கினால் பேரிங் வெந்து சிக்கிக்கொள்ளும். பூட்டு நட்டை இறுக்கிய பின் மறுபடி அளந்து பார்த்து, வாஷரின் ஒரு நாக்கை உள் நட்டின் மீதும் மற்றொன்றை வெளி நட்டின் மீதும் மடியுங்கள்.

டயல் கேஜ் இருந்தால் டிஸ்க்கின் ஆட்டத்தைப் பாருங்கள். காலிப்பர் பிஸ்டன்களை உள்ளே தள்ளும்போது பிரேக் ஆயில் டப்பாவில் மட்டம் உயரும். வழிந்தால் பெயின்ட்டை அரிக்கும். முன்னதாகவே கொஞ்சம் எடுத்துவிடுங்கள். சக்கரத்தின் ஆறு நட்டுகளையும் ஒன்றுக்கு எதிர் ஒன்றாக, டார்க் ரெஞ்சால் ஒரே அளவில் இறுக்குங்கள். ஏற்றத்தாழ்வாக இறுக்கினால் டிஸ்க் வளைந்து துடிப்பு மீண்டும் வரும்.

ஓட்டும் முன்

வண்டியை நகர்த்தும் முன் பெடல் கெட்டிப்படும் வரை மிதியுங்கள். மறந்தால் முதல் மிதியில் பிரேக் இருக்காது. பிறகு ஆளில்லாத சாலையில் 50 கி.மீ. வேகத்திலிருந்து மிதமாகப் பிரேக் பிடித்து, முழுவதும் நிறுத்தாமல் வேகத்தைக் குறையுங்கள். இடையிடையே ஆறவிட்டுப் பத்து முறை செய்தால் பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று படியும். நூறு கி.மீ. ஓடிய பின் சக்கர நட்டுகளை மறுபடி சரிபாருங்கள்.

இந்த வேலையை முதன்முறை செய்பவர், தேர்ந்த மெக்கானிக் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே செய்ய வேண்டும். முதலாளி அவசரப்படுத்தினாலும் பேரிங் நட்டை அளக்காமல் வண்டியை வெளியே விடாதீர்கள். பின்னால் ஏறி உட்காரும் கூலித் தொழிலாளிக்கு அந்த நட்டு இருப்பதே தெரியாது. அதைச் சரியாக முறுக்கியிருப்பார்கள் என்ற நம்பிக்கையில்தான் அவர் ஏறுகிறார்.