கையில் வந்தது கரப்பானா, சோப்பு ஆயிலா?

கடந்த ரமலானுக்குச் சில வாரங்கள் முன்பு, உதவி கேட்டு நம் டிரஸ்ட் அலுவலகத்துக்கு ஒரு சகோதரி வந்திருந்தார். டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்த்து, தரை துடைப்பவர். மனுவில் கையெழுத்துப் போடச் சொன்னோம். முந்தானைக்குள் இருந்த கையை வெளியே எடுக்கத் தயங்கினார். எடுத்தபோதுதான் காரணம் தெரிந்தது. விரல் நுனிகள் வெடித்திருந்தன. மோதிரம் போட்டிருந்த விரலைச் சுற்றிச் சிவந்து செதிள் உரிந்திருந்தது. பேனாவைப் பிடிக்கவே வலித்தது.

"அந்தம்மா என் கையைப் பார்த்துட்டு, 'இது ஒட்டுமா?'ன்னு கேட்டாங்க. ஒட்டாதுன்னேன். மறுநாள்லேர்ந்து வர வேணாம்னு சொல்லிட்டாங்க" என்றார். ஒரு வீட்டு வேலை போனதும் மற்ற இரண்டு வீடுகளிலும் கையை மறைத்தே வேலை பார்த்திருக்கிறார். ஆறு மாதமாகக் கத்தரிக்காய், கருவாடு, மீன், இறைச்சி எதையும் தொடவில்லை. கரப்பான் பண்டம் என்று பக்கத்து வீட்டுப் பெரியம்மா சொன்னாராம். கை ஆறவில்லை, உடம்புதான் இளைத்தது.

அவர் அனுமதியோடுதான் இதை எழுதுகிறோம். மகளிர் கூட்டத்தில் இந்தப் பேச்சை எடுத்தபோது மேலும் பல சகோதரிகள் தங்கள் கைகளை நீட்டிக் காட்டினார்கள். யாரும் மருத்துவரிடம் போயிருக்கவில்லை. வீட்டு வேலை செய்கிற கை அப்படித்தான் இருக்கும் என்று விட்டிருக்கிறார்கள்.

முதலில் ஒட்டுமா என்ற கேள்வி. சோப்பு, பினாயில், சலவைத்தூள் ஆகியவற்றால் கையில் வரும் அழற்சி ஒட்டாது. கை குலுக்கினாலும், அந்தக் கையால் சோறு பிசைந்து கொடுத்தாலும் யாருக்கும் வராது. சிரங்கும் படர்தாமரையும் ஒட்டும். அவை வேறு நோய்கள். பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியலாம் என்பதால்தான் மருத்துவர் பார்க்க வேண்டும் என்கிறோம். 'இரத்தம் கெட்டுவிட்டது' என்ற பேச்சுக்கும் இதற்கும் தொடர்பில்லை. கத்தரிக்காயை நிறுத்தியதால் இந்த அழற்சி நின்றதாக நாம் அறிந்தவரை யாரும் இல்லை.

இனி பாடத்துக்கு வருவோம். சுத்தம் செய்யும் பொருட்களால் தோல் இரண்டு வழிகளில் கெடுகிறது. இரண்டையும் நாம் 'அலர்ஜி' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம்.

ஒன்று எரிச்சல். தோலின் மேலடுக்கில் கொழுப்புப் பசை இருக்கிறது, செங்கல்லுக்கு நடுவே சாந்து போல. பாத்திரத்து எண்ணெயைக் கரைக்கிற சோப்பு இந்தப் பசையையும் கரைத்துவிடும். நாள் முழுக்க நனைவதும் காய்வதுமாக இருக்கும் கையில் அந்தச் சாந்து மீண்டும் உண்டாக நேரமே கிடைப்பதில்லை. ஒரு நாளில் 2 மணி நேரத்துக்கு மேல் கை ஈரத்தில் இருந்தாலோ, 20 தடவைக்கு மேல் கழுவினாலோ அதை 'ஈர வேலை' என்று தொழில் சுகாதாரத் துறையினர் கணக்கில் வைக்கிறார்கள். நம் வீட்டுப் பெண்களில் இந்தக் கணக்குக்குள் வராதவர் யார்? எரிச்சல் யாருக்கும் வரும், அளவைப் பொறுத்து வரும். அளவைக் குறைத்தால் ஆறும். ஆறியதுபோலத் தெரிந்த பிறகும் தோல் உள்ளுக்குள் பலப்பட வாரக்கணக்கில் ஆகும். நான்கு நாளில் சரியாகிவிட்டது என்று பழையபடி இறங்கினால் ஐந்தாம் நாள் மறுபடியும் வெடிக்கும்.

இரண்டாவதுதான் உண்மையான ஒவ்வாமை. நம் உடலின் காவல் படை ஒரு குறிப்பிட்ட வேதிப்பொருளை எதிரி என்று குறித்துவைத்துக்கொள்வது. இதற்கு முதலில் இரண்டு வாரமாவது பழக்கம் வேண்டும்; சிலருக்கு வருடக்கணக்கில் பயன்படுத்திய பிறகு வரும். "இதைத்தான் பத்து வருஷமா உபயோகிக்கிறேன், இதனால வராது" என்ற வாதம் அதனால்தான் நிற்காது. குறித்துவைத்த பிறகு அந்தப் பொருள் துளி பட்டாலும் போதும். பட்டவுடன் தெரிவதில்லை, ஒரு நாள் கழித்தோ மூன்று நாள் கழித்தோதான் அரிப்பும் நீர்க்கொப்புளமும் கிளம்பும். ஞாயிற்றுக்கிழமை தொட்டதற்கு செவ்வாய்க்கிழமை அரிக்கும், செவ்வாய்க்கிழமை சாப்பிட்ட மீன்மேல் பழி விழும். குறித்துவைத்ததை உடல் பெரும்பாலும் ஆயுளுக்கும் மறப்பதில்லை. எரிச்சலோடு நிற்கும்போதே கவனிக்க வேண்டும் என்று நாம் வற்புறுத்துவது இதற்காகத்தான். வெடித்த தோல் வழியாக வேதிப்பொருள் எளிதாக உள்ளே இறங்கும். எரிச்சல் ஒவ்வாமைக்குக் கதவைத் திறந்துவிடுகிறது.

பாட்டிலுக்குள் எது ஒவ்வாமை தருகிறது என்றால், பெரும்பாலும் அழுக்கை எடுக்கிற சரக்கு இல்லை. மணத்துக்காகச் சேர்ப்பதும் கெடாமல் இருக்கச் சேர்ப்பதும்தான். எலுமிச்சை மணம் தரும் லிமோனீன் காற்றோடு சேர்ந்து பழசாகும்போது தோலுக்கு ஆகாததாக மாறுகிறது. திறந்து மாதக்கணக்கில் வைத்த பாட்டில் புதியதைவிட மோசம் என்பது இதனால்தான். பாதுகாப்புப் பொருட்களில் மெத்தில்ஐசோதயசோலினோன் என்ற ஒன்று உண்டு. பெயர் வாயில் நுழையாது, ஆனால் திரவச் சோப்பு, தரை துடைக்கும் திரவம், ஷாம்பூ, சுவர்ப் பெயின்ட் என்று எங்கும் நுழைந்துவிட்டது. அழகுப் பொருட்களில் இதைத் தனியாகச் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 2005-ல் அனுமதித்தது. சில ஆண்டுகளிலேயே தோல் மருத்துவமனைகள் நிரம்பின. 2013-ல் அமெரிக்கத் தொடு தோலழற்சி மருத்துவர் சங்கம் இதை 'அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' என்று அறிவித்தது. 2017-ல் ஐரோப்பா, தோலில் தடவி விட்டுவிடும் பொருட்களில் இதைத் தடை செய்தது. கழுவிவிடும் பொருட்களில் பத்து லட்சத்துக்கு 15 பங்குக்கு மேல் கூடாது என்றது.

அங்கே பாட்டிலின் பின்புறம் பெயர் அச்சாகியிருந்ததால் எது என்று கண்டுபிடிக்க முடிந்தது. நம் தெருவில் சைக்கிளில் வைத்துக் கூவி விற்கும் சோப்பு ஆயிலும் பினாயிலும் பழைய தண்ணீர் பாட்டிலில் வருகின்றன. அதில் என்ன கலந்திருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. அவர் பிழைப்பைக் குறை சொல்ல வரவில்லை. கை வெடித்தவர்கள் மட்டுமாவது சீட்டு ஒட்டிய, பொருட்களின் பெயர் அச்சிட்ட, மணம் சேர்க்காத சரக்காகப் பார்த்து வாங்குங்கள். (குடிக்கிற தண்ணீர் பாட்டிலில் பினாயில் இருப்பது குழந்தைகள் உள்ள வீட்டில் எவ்வளவு பெரிய ஆபத்து என்பதைத் தனியாக எழுத வேண்டும்.)

அப்படியானால் இயற்கைக்கே திரும்பிவிடலாம், சாம்பல் போட்டுத் தேய்க்கலாம் என்று ஒரு மூத்த சகோதரி சொன்னார். அடுப்புச் சாம்பல் காரத்தன்மை உள்ளது. வெடித்த கைக்கு அதுவும் எரிச்சல்தான். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியின் சாம்பலில் சுண்ணாம்பு கூடுதல் என்பதால் அனல்மின் நிலையச் சாம்பலைப் பாத்திரத்துக்குப் பயன்படுத்தவே வேண்டாம்.

தோலோடு இது முடிவதில்லை, மூச்சுக்கும் போகிறது. 1969-ல் பிரிட்டனில் நொதி கலந்த சலவைத்தூள் தயாரித்த தொழிற்சாலையில் அந்தத் தூசியைச் சுவாசித்த தொழிலாளர்களுக்கு ஆஸ்துமா வந்தது மருத்துவ இதழில் வெளியானது. பிறகுதான் நொதியைத் தூசியாகப் பறக்காத குருணையாகப் பூசித் தயாரிக்கத் தொடங்கினார்கள். 10 ஐரோப்பிய நாடுகளில் 3,500-க்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்து 2007-ல் வந்த ஆய்வில், வாரம் ஒரு முறையாவது ஸ்பிரே அடித்துச் சுத்தம் செய்தவர்களிடம் ஆஸ்துமா அறிகுறிகள் கூடுதலாகக் காணப்பட்டன. கரித்தூசி இருக்கிற ஊரில் வாழ்கிறோம். மூச்சிரைப்பு உள்ளவர்கள் வீட்டில் ஸ்பிரேயைத் தவிர்த்து, திரவத்தைத் துணியில் ஊற்றித் துடைப்பதே நல்லது.

ப்ளீச்சிங் பவுடர் போட்ட கழிவறையில் ஆசிட் ஊற்றவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். அது ஒவ்வாமை அல்ல, நேரடி விஷம். பெருநாளுக்கு முன் வீடு கழுவும் அவசரத்தில் இந்தத் தவறு நடக்கிறது. கண் எரிந்து இருமல் வந்தால் கழுவி முடிக்கலாம் என்று நிற்காமல் உடனே வெளியே வந்துவிடுங்கள்.

'கிருமியைக் கொல்வது உடம்புக்கும் நல்லது' என்று நம்புவதில் நாம் மட்டும் தனியாக இல்லை. கொரோனா நாட்களை நினைத்துப் பாருங்கள். 2020 ஏப்ரல் தொடக்கத்தில் திருப்பூரில் சந்தை வாயிலில் கிருமிநாசினிச் சுரங்கம் வைத்தார்கள். உள்ளே நடப்பவர்கள்மேல் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல் தெளிக்கப்பட்டது. வீட்டில் துணி வெளுக்கப் பயன்படுத்தும் ப்ளீச் திரவத்தில் இருப்பது அதேதான். பல ஊர்கள் அதைப் பார்த்துத் தாங்களும் வைத்தன. அதே மாதத்தில் தமிழகப் பொது சுகாதாரத் துறை வேண்டாம் என்றது. மனிதர்கள்மேல் தெளிப்பது கண்ணுக்கும் தோலுக்கும் மூச்சுக்கும் கேடு, வைரஸை ஒழிப்பதற்கும் உதவாது என்று மத்திய சுகாதார அமைச்சகமும் அறிவுறுத்தியது. அந்த நவம்பரில் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, இதைத் தடுக்க ஒரு மாதத்துக்குள் உத்தரவு போடும்படி மத்திய அரசிடம் சொன்னது. தரைக்கு உரியது தரைக்குத்தான்.

மறுபடி அந்தச் சகோதரிக்கு வருவோம். அவரை முதலில் உள்ளூரில் ஒரு தோல் மருத்துவரிடம் அழைத்துப் போனோம். அவர் புதுச்சேரி ஜிப்மருக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே செய்ததற்குப் பெயர் பேட்ச் டெஸ்ட். சந்தேகமான பொருட்களைச் சரியான அளவில் நீர்க்கச் செய்து, சிறு வட்டங்களில் வைத்து முதுகில் ஒட்டுகிறார்கள். 2 நாள் கழித்துப் பிரித்துப் பார்க்கிறார்கள், அடுத்த ஓரிரு நாளில் மறுபடியும் பார்க்கிறார்கள். ஊசி இல்லை, இரத்தம் எடுப்பதில்லை. முதுகு மட்டும் நனையக் கூடாது. உளூ செய்யத் தடையில்லை. கடமையான குளிப்பு வரும் நாட்களைக் கணக்கிட்டு முன்கூட்டியே தேதி வாங்கிக்கொள்ளுங்கள். பெண் மருத்துவர் வேண்டுமென்றால் கூச்சப்படாமல் பதிவின்போதே கேளுங்கள். வீட்டில் பினாயிலையோ ஆசிட்டையோ தோலில் வைத்து நீங்களே சோதித்துப் பார்க்காதீர்கள். அது யாருக்கும் புண்ணாகும்.

முடிவு வந்தது. பெரும்பகுதி எரிச்சல், கூடவே ஒரு பாதுகாப்புப் பொருளுக்கு ஒவ்வாமை. மூன்று வீட்டுப் பாட்டில்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்ததில், ஒரு வீட்டின் தரை துடைக்கும் திரவத்தில் அது இருந்தது.

இடையில் அவர் மருந்துக் கடையில் தானாக வாங்கிப் போட்ட களிம்பையும் சொல்ல வேண்டும். போட்டால் இரண்டு நாளில் அடங்கும், விட்டால் முன்னைவிட மோசமாகும். அது ஸ்டீராய்டு. தோலை மெலிய வைக்கும், படர்தாமரையாக இருந்தால் பரப்பிவிடும். 2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. மருத்துவர் நாளும் அளவும் சொல்லி எழுதிக் கொடுத்தால் அதே களிம்பு நல்ல மருந்துதான்.

உளூவைப் பற்றிப் பல சகோதரிகள் கேட்டார்கள். வெறும் தண்ணீர் சோப்பு அளவுக்குக் கெடுதல் இல்லை. கழுவியதும் விரல் இடுக்குவரை ஒற்றித் துடைத்து, உடனே தேங்காய் எண்ணெயோ வாஸ்லினோ மெல்லியதாகத் தடவிக்கொள்ளுங்கள். அடுத்த உளூவுக்கு முன் கெட்டியாகப் படிந்திருந்தால் துடைத்துவிடுங்கள். மோதிரத்தைக் கழற்றிவிட்டுக் கழுவுங்கள். அதனடியில் தங்கும் சோப்பில்தான் பலருக்கு முதல் வெடிப்பு தொடங்குகிறது. தண்ணீர் பட்டால் புண் மோசமாகும் என்று மருத்துவர் சொல்லும் நிலை வந்தால் நோயாளிக்குத் தயம்மும் சலுகை குர்ஆனிலேயே (4:43, 5:6) இருக்கிறது. எந்த நிலையில், எப்படி என்பதை இமாமிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வேதனையைத் தாங்கிக்கொள்வதே அதிக நன்மை என்று யாரும் தாமாக முடிவு செய்ய வேண்டாம்.

வேலைக்குக் கையுறை வேண்டும். லேட்டக்ஸ் ரப்பருக்கே சிலருக்கு ஒவ்வாமை உண்டு என்பதால் நைட்ரைல் அல்லது பிவிசி கையுறை வாங்குங்கள். உள்ளே ஒரு பருத்திக் கையுறை போட்டால் வியர்வை தோலை ஊறவைக்காது. உள்ளே ஈரம் போய்விட்டால் உடனே கழற்றிவிடுங்கள். ஈரக் கையுறை, கையுறை இல்லாததைவிட மோசம்.

அந்தச் சகோதரிக்காக நம் பெண் உறுப்பினர்கள் இருவர் வேலையை விட்டு நிறுத்திய அம்மாவை நேரில் போய்ப் பார்த்தார்கள். மருத்துவர் எழுதிய சீட்டைக் காட்டி, ஒட்டாது என்று விளக்கினார்கள். அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எனக்குத் தெரியாமப் போச்சு, நாளைக்கே வரச் சொல்லுங்க" என்றார். தரை துடைக்கும் திரவம் இருந்த வீட்டிலும் அதை மாற்றிக்கொள்ளச் சம்மதித்தார்கள். கை முழுதாக ஆறவில்லை. நுனி வெடிப்பு மட்டும் குறைந்திருக்கிறது. மீன் சாப்பிடுகிறார்.

பருத்திக் கையுறைகள் சில ஜோடி வாங்கி அலுவலகத்தில் வைத்திருக்கிறோம். வீட்டு வேலைக்குப் போகும் சகோதரிகள் வந்து வாங்கிக்கொள்ளலாம். வரும்போது உங்கள் வீட்டிலும் வேலை செய்யும் வீட்டிலும் உள்ள பாட்டில்களின் பின்புறத்தைக் கைபேசியில் படம் எடுத்து வாருங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.