களஞ்சியச் சொற்களும் நாயாற்றுக் கருவாடும்

சென்ற வாரம் ஒரு தம்பி வந்தார். "நானா, ஸ்டோர் கீப்பர் வேலைக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போனேன். பிஃபோ என்றால் என்ன என்று கேட்டார்கள், முழித்தேன்" என்றார். நான் நாயாற்றில் கருவாடு எடுத்த வியாபாரத்தை வைத்தே விளக்கினேன்.

நாயாறு, முல்லைத்தீவிலிருந்து கொக்கிளாய் போகும் வீதியில் உள்ளது. தென்மேற்குப் பருவக்காற்றில் மேற்குக் கடல் கொந்தளிக்கும்போது நீர்கொழும்பு, சிலாபம் மீனவர்கள் வந்து வாடி போடுவார்கள். வடகீழ்ப் பருவமழை வந்தால் இங்கே கடல் கொந்தளிக்கும். சரக்கு சேர்வது வெயிலில், விற்பது மழையில். நடுவே காப்பது களஞ்சியம்.

சரக்கு இறங்கியதும் எழுதுவது ஜி.ஆர்.என்., அதாவது பொருள் பெற்ற பத்திரம். பில்லில் உள்ளதையல்ல, நிறுத்துப் பார்த்ததை எழுத வேண்டும். ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே ஈரத்தைக் கண்டு விற்றவரைக் கண்டித்த சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. கருவாட்டுச் சாக்கும் அப்படித்தான். மேலே காய்ந்திருக்கும், நடுவில் ஈரம். கைவிட்டுப் பார்க்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். கைக்கு வராத உணவுப் பொருளை விற்பதற்கும் ஹதீஸில் தடை உண்டு.

பிஃபோ என்றால் முதலில் வந்தது முதலில் போவது. ஒரு வருடம் இறக்கச் சுகமென்று புதுச் சாக்குகளை முன்னால் அடுக்கினேன். விற்றதும் முன்னாலிருந்தே. மழைக்குப் பின் பார்த்தால் பின்வரிசையில் 11 சாக்கு நெத்தலி வண்டு விழுந்து கிடந்தது. மகளின் படிப்புக்கென்று வைத்த காசு அது. பிறகுதான் ஒவ்வொரு அடுக்கிலும் பின் காட் தொங்கவிட்டேன்: வந்த திகதி, வந்தது, போனது, மிச்சம். இப்படி விலைபோகாமல் கிடப்பதே டெட் ஸ்டொக். காய்ந்து நிறை குறைவது வேறு, அது சேதாரம். அதையும் விலையில் சேர்க்க வேண்டும்.

ஓடருக்குச் சரக்கைப் பொறுக்கி எடுப்பது பிக்கிங், கட்டுவது பெக்கிங். சொல்லி அனுப்பிச் சரக்கு வந்துசேரும் நாட்கள் லீட் டைம். நாளுக்கு 20 கிலோ விற்று, சரக்கு வர 6 நாள் என்றால் 120 கிலோ. பாதை வெள்ளத்தில் மறித்தால் என்று 60 கிலோ கூட்டுங்கள். 180 கிலோவுக்கு இறங்கியதும் ஓடர் கொடுக்க வேண்டும். இதுவே ரீ ஓடர் லெவல்.

ஸ்டொக் எடுப்பது ஸகாத்துக்கும் தேவை. வருடம் பூர்த்தியாகும் நாளில் இருக்கும் வியாபாரச் சரக்கை அன்றைய விலைக்கு மதித்தே 2.5 வீதம் கணக்கிடுகிறோம். பின் காட் இருந்தால் அரைநாள் வேலை. வரவேண்டிய கடன் பற்றி உங்கள் ஊர் மௌலவியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.