விஷத்துக்கு விஷமே மருந்தா?

கேள்வி: காபித் தோட்டத்தில் பூச்சிமருந்து அடித்துவிட்டு வந்த என் அண்ணனுக்கு வேர்த்துக் கொட்டியது, எச்சில் ஒழுகியது, கைச்சதை தானாகத் துடித்தது. ஆஸ்பத்திரியில் அட்ரோபின் ஊசி போட்டார்கள். அது ஊமத்தையில் உள்ள விஷம் என்கிறார்களே, உண்மையா?
– வாசகி, ஏற்காடு

பதில்: உண்மைதான் அம்மா. நரம்பு தசைக்குச் சேதி சொல்ல அனுப்பும் தூதுவன் அசிட்டைல்கோலின். சேதி சொன்னதும் அதை ஒரு நொதி உடைத்துவிடும். குளோர்பைரிபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட் மருந்துகள் அந்த நொதியை முடக்குகின்றன. தூது நிற்காததால் தசை துடித்து, பிறகு துவண்டுபோகிறது. நெஞ்சில் சளி நிறைகிறது.

இதயத்தில் இதே தூதுவன்தான் பிரேக். 1921-இல் ஆட்டோ லோவி, ஒரு தவளை இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டி, அதைச் சுற்றியிருந்த திரவத்தை இன்னொரு இதயத்தில் விட்டார், அதுவும் மெதுவானது. 1936-இல் ஹென்றி டேலுடன் நோபல் பரிசு பெற்றார்.

அட்ரோபின் இந்த பிரேக்கைத் தளர்த்தி நாடியை ஏற்றும். நெஞ்சுச் சளியை வற்றவைக்கும். ஆனால் கைகால் தசைக்கு அது உதவாது. ஓரிரு நாள் கழித்தும் மூச்சுத்தசை சோரலாம். அதனால்தான் உடனே வீட்டுக்கு அனுப்புவதில்லை.

அதற்காக ஊமத்தையை அரைத்துக் கொடுத்துவிடாதீர்கள்! அளவு தெரியாத விஷம் அது. நனைந்த சட்டையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, 108-ஐ அழையுங்கள். சேலம் இறங்க 20 கொண்டை ஊசி வளைவுகள், தாமதம் வேண்டாம். மருந்து டப்பாவையும் கையோடு கொண்டுபோங்கள்.