ஒரே வேலை, இரு சம்பளம்

கேள்வி: 2012-இல் சிங்கப்பூரில் சீன நாட்டுப் பேருந்து ஓட்டுநர்கள் செய்த வேலைநிறுத்தம் சட்டவிரோதம்தானே? அதில் என்ன நியாயம்?

பதில்: சட்டப்படி குற்றம்தான், அத்தியாவசியச் சேவையில் 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். ஆனால் நவம்பர் 26 அன்று 171 பேர் வண்டியெடுக்க மறுத்ததன் காரணத்தையும் பாருங்கள். அதே வேலைக்கு மலேசியருக்கு அடிப்படைச் சம்பளம் சுமார் 1,400 வெள்ளி, இவர்களுக்கு 1,075. ‘தங்குமிடம் தருகிறோமே’ என்றது நிறுவனம். அங்கே மூட்டைப்பூச்சி, அதிகாலையில் கிளம்புபவரும் நள்ளிரவில் திரும்புபவரும் ஒரே அறையில். இதற்கா சம்பளத்தைக் குறைப்பது? தூக்கம் கெட்டவர் ஓட்டினால் பயணிகளுக்கும் ஆபத்துதானே! முறைப்படி கேட்டிருக்கலாம் என்பீர்கள். பெரும்பாலோர் தொழிற்சங்கத்திலேயே இல்லை. வேலை அனுமதியோ முதலாளி கையில். ஐவர் சிறை சென்றார்கள், 29 பேர் நாடுகடத்தப்பட்டார்கள். தங்குமிடக் குறையை நிர்வாகம் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது வேலைநிறுத்தத்துக்குப் பிறகுதான்.